மாநகர் போக்குவரத்துக் கழகம், சென்னை

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் பேருந்துகளை இயக்கும் தமிழ்நாடு அரசு நிறுவனம். 1972 ஜனவரி 1 அன்று பல்லவன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. பின்னர் இரண்டாகப் பிரிந்தது, பெயரை இழந்தது, மறுபடி ஒன்று சேர்ந்தது. பயணிகள் இதையெல்லாம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வயதானவர்கள் வாயில் அது இன்னும், பல்லவனின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான ‘பி.டி.சி. பஸ்’தான்.

நகரத்தில் பஸ் முதலில் தனியார் தொழிலாக இருந்தது. 1947 முதல் சென்னை மாகாண அரசு தன் போக்குவரத்துத் துறை மூலம் அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. அப்போது டிராமும் ஓடிக்கொண்டிருந்தது. 1895இல் வந்த மின்சார டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோனதும் அதில் போய்க்கொண்டிருந்த கூட்டமும் பஸ்ஸுக்கு வந்து சேர்ந்தது.

1972இல் மு. கருணாநிதி அரசு பெரிய தனியார் பஸ் நிறுவனங்களை நாட்டுடைமையாக்கி, பகுதிக்கு ஒன்றாகக் கழகங்கள் அமைத்தது. மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் ஓடிய இடத்துக்குப் பாண்டியன் வந்தது. கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன். சென்னைக்கு வாய்த்தவர் பல்லவர். தொண்டை மண்டலம் அவர்கள் ஆண்ட பூமி என்பதால் பெயர் பொருந்தியும் போனது. அரசுத் துறையாக இருந்தது 1,029 பேருந்துகளோடு கம்பெனியாக மாறியது.

1994இல் வடசென்னைப் பணிமனைகளைப் பிரித்து டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் உருவாக்கப்பட்டது. 1997இல் விருதுநகரில் புதிய கழகம் ஒன்றுக்கு, பட்டியல் சாதியைச் சேர்ந்த போர்வீரரான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியதை ஒட்டித் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் பெயர்களை நீக்கியது. எங்கோ தெற்கே பற்றிய தீயில் பல்லவனும் அம்பேத்கரும் சென்னை பஸ்களிலிருந்து அழிந்து, மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் இரண்டு கோட்டங்கள் ஆனார்கள். 2001இல் கோட்டங்கள் இணைந்தன. தலைமையகம் மட்டும் இன்றும் பல்லவன் இல்லம். அது இருக்கும் தெரு பல்லவன் சாலை.

உண்மையில் சென்னைவாசிக்குக் கழகத்தின் பெயர் தேவைப்பட்டதே இல்லை, எண் போதும். பெசன்ட் நகரையும் பெரம்பூரையும் இணைக்கும் 29சி, தாம்பரத்துக்கு மாடி பஸ்ஸாகப் போன 18ஏ என்று எண்களே முகவரிகளாயின. முழுத் தூரமும் போகாமல் பாதியில் திரும்பும் வண்டி ‘கட்’ சர்வீஸ். இன்னொரு வழக்கம் வெளியூர்க்காரர்களைத் திகைக்க வைக்கும்: நடத்துநர் தேடி வரமாட்டார். பின்வாசல் அருகே தன் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். “ஒரு சைதாப்பேட்டை” என்று முன்னாலிருந்து நீட்டிய பத்து ரூபாய் ஏழெட்டுக் கை மாறி அவரிடம் போகும். டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். இடையில் காசு தொலைவது அபூர்வம்.

சாதாரண பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 2011 நவம்பரில் 2 ரூபாயிலிருந்து 3 ஆனது, 2018 ஜனவரியில் 5 ஆனது. அதைவிடப் பெரிய மாற்றம் 2021 மே மாதம் வந்தது: சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எந்த வண்டி என்று தூரத்திலேயே தெரிய, முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு பூசினார்கள். வீட்டு வேலைக்குப் போகிற, பூக்கூடையோடு ஏறுகிற பெண்களுக்கு மாதம் சில நூறு ரூபாய் கையில் நின்றது. இதனால் கழகத்துக்கு ஏற்படும் இழப்பை அரசு மானியமாகத் தருகிறது.

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. இவை கழகத்தின் சொந்த வண்டிகள் அல்ல. வண்டியும் ஓட்டுநரும் பராமரிப்பும் ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனத்துடையவை. ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கொடுக்கிறது. நடத்துநர் மட்டும் கழகத்து ஆள். 1947இல் தனியாரிடமிருந்து எடுத்த வேலையில் ஒரு பங்கு இப்படி அவர்களிடமே போவதைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்துவருகின்றன.