சென்னை வானில் ஒரு விடுதிக்காரர்

வெள்ளிமலையில் இருந்துகொண்டு வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை எழுதும் வாய்ப்புக் கிட்டியதை யான் பெரும் பேறாகக் கருதுகின்றேன். இத்தகைய மலர்களில் 'கல்வியின் சிறப்பு' என்றோ 'ஒழுக்கத்தின் உயர்வு' என்றோ எழுதுவதே தலைமையாசிரியர்களின் வழக்கம். யானோ ஈண்டு விமானத்தைப் பற்றி எழுதப் புகுகின்றேன். அதன் காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் முறை.

பல ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்வராயன் மலைக்கு மேலே விமானம் ஒன்று வெண்கோடு இழுத்துக்கொண்டு சென்றது. நம் சமுதாயத்துப் பிள்ளை ஒருவன் சன்னலோரம் எழுந்து நின்று, "ஐயா, நம்ம ஊருப் பக்கம் யாராச்சும் ஏரோப்பிளேன் செஞ்சிருக்காங்களா?" என்று கேட்டான். "அதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை. நீ முதல்ல பத்தாவது பாஸ் பண்ற வழியப் பாரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அதன்பின் அவன் என்னிடம் எக்கேள்வியும் கேட்டதில்லை.

அன்று யான் கூறிய விடை அன்பற்றது மட்டுமன்று, வரலாற்றுப் பிழையுமாகும் என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். அப்பிழையைத் திருத்தவே இக்கட்டுரை.

மத்தியதரைக் கடலில் கத்தோலிக்க சமயம் வேரூன்றிய தீவுப் பகுதியிலிருந்து சென்னைக்கு வந்து குடியேறியவர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பார். இனிப்புப் பண்டங்கள் செய்து விற்றும், விருந்துகளுக்கு உணவு சமைத்து வழங்கியும் தொழிலைத் தொடங்கியவர், படிப்படியாக உயர்ந்து மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய விடுதியை நிறுவினார். தம் குடும்பப் பெயரையே அவ்விடுதிக்கும் இட்டார். சென்னை நகரின் தலைசிறந்த விடுதிகளுள் ஒன்றாக அது விளங்கிற்று. பிற்காலத்தில் அது பொசோட்டோ என்பாரின் கைக்கு மாறியது. மாவும் சர்க்கரையும் புழங்கிய கைகளே பின்னர் விமானத்திற்கு வரைபடம் தீட்டின என்பதுதான் நாம் வியந்து போற்றத்தக்க செய்தி.

அக்காலத்தின் நிலையைச் சிறிது நோக்குவோம். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் முதன்முதலாக எந்திர விமானத்தில் பறந்தனர். முதல் முயற்சியில் அவர்கள் வானில் இருந்தது 12 விநாடி. கடந்த தொலைவு 120 அடி. அவ்விருவரும் மிதிவண்டிக் கடை நடத்தியவர்கள். கல்லூரியின் வாயிலை மிதியாதவர்கள். 1909ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பிரான்சு நாட்டவரான லூயி பிளேரியோ, காலே என்னும் ஊரினின்று புறப்பட்டு, ஆங்கிலக் கால்வாயை ஏறத்தாழ 37 நிமிடங்களில் பறந்து கடந்து டோவரில் இறங்கினார். அவரும் மனைவி மக்களுடன் வாழ்ந்த குடும்பத்தவரே. பல முறை விழுந்து, பொருளெல்லாம் இழந்து, காலில் தீக்காயத்தோடு அன்று பறந்தார். அச்செய்தி உலகெங்கும் பரவிற்று. சென்னையில் விடுதி நடத்திய டி ஏஞ்சலிசின் உள்ளத்திலும் அது கனலை மூட்டியது.

அவர் வெளிநாட்டிலிருந்து விமானத்தை விலைக்கு வாங்கவில்லை. தாமே வடிவமைத்தார். அதனைக் கட்டித்தரும் பணியை மவுண்ட் ரோட்டிலிருந்த சிம்சன் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். சிம்சன் 1840ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. குதிரை வண்டிகள் கட்டுவதில் பெயர் பெற்றது. வண்டிப் பட்டறையில் விமானமா என மாணவர் வினவலாம். அந்நாளைய விமானத்தின் உடல் பெரும்பாலும் மரச்சட்டம். இறக்கைக்கு மேல் இழுத்துப் போர்த்தது துணி. சட்டங்களை இறுக்கிப் பிடித்தது கம்பி. எடை குறைவாகவும் வலிமை மிகுந்தும் மரத்தை இழைத்து வளைக்கும் வித்தையை வண்டி கட்டுவோரினும் நன்கு அறிந்தவர் யார்? ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகளை அமைத்து, இடையில் கால்களும் குறுக்குக் கம்பிகளும் கொடுத்துப் பிணைத்தால் மெல்லிய மரமும் உறுதி பெறும். டி ஏஞ்சலிசின் விமானமும் அத்தகைய இரட்டை இறக்கை விமானமே. அதில் சிறியதோர் எந்திரம் பொருத்தப்பட்டது.

1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், பிளேரியோ கால்வாயைக் கடந்து எட்டுத் திங்களும் நிரம்பா முன்னரே, சென்னையில் அவ்விமானம் எழும்பியது. பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்த பின்னர், தீவுத்திடலில் கட்டணம் வைத்துப் பொதுமக்கள் முன்னிலையில் பறந்து காட்டினார். இந்திய மண்ணில் முதன்முதல் எழுந்த விமானம் இதுவே என ஆய்வாளர் சிலர் கருதுவர். அவ்வாண்டு டிசம்பரில் அலகாபாத்தில் நிகழ்ந்த பறத்தலுக்கே நெடுங்காலமாக அப்பெருமை அளிக்கப்பட்டு வந்தது. யார் முதல்வர் என்னும் வழக்கு எவ்வாறாயினும், சென்னையில் வடிவமைத்து, சென்னையில் கட்டி, சென்னையில் பறந்த விமானம் ஒன்று 1910இலேயே இருந்தது என்பது நம் பிள்ளைகள் அறிய வேண்டிய உண்மை.

டி ஏஞ்சலிஸ் ஐரோப்பியர்தாமே, இதில் நம்முடையது என்ன என்று சிலர் கேட்பர். நல்ல கேள்வி. சிம்சன் பட்டறையில் மரத்தை இழைத்தவன் யார்? இரும்பைக் காய்ச்சி அடித்தவன் யார்? துணியைத் தைத்து இறக்கையில் இழுத்துக் கட்டியவன் யார்? அவை சென்னைத் தொழிலாளரின் கைகள். வடிவமைத்தவரின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் ஏட்டில் ஏறின. அக்கைகளுக்கு உரியோர் பெயர்கள் ஏறவில்லை. கோயில் கட்டியவன், குளம் வெட்டியவன், ஏரிக்கரை உயர்த்தியவன் என நெடிய வரிசையில் நிற்கும் நம் முன்னோர்க்கு இது புதியதன்று.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதே 1910ஆம் ஆண்டில், மவுண்ட் ரோட்டுக்கு அண்மையிலுள்ள இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் 'தமிழன்' இதழை நடத்திவந்தார். 1907இல் தொடங்கிய அவ்விதழில் வாரந்தோறும் அவர் வற்புறுத்திய பொருள்களுள் தலையாயது ஒடுக்கப்பட்டோர் கல்வி. நகரின் ஒரு பக்கத்தில் மனிதன் வானில் ஏறினான். மறு பக்கத்தில் நம் பிள்ளை பள்ளிக்கூடத்துத் திண்ணையில் ஏறுவதற்கே போராட வேண்டியிருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதே உண்மையான வரலாறு.

அடுத்த ஆண்டு நிகழ்ந்த ஒன்று நம் சங்கத்தார்க்குத் தனி மகிழ்ச்சி தரும். 1911 பிப்ரவரி 18ஆம் நாள், அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஹென்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி ஏறத்தாழ 6500 கடிதங்களைச் சுமந்து பறந்தார். உலகின் முதல் அதிகாரபூர்வமான விமானத் தபால் அதுவே. கடிதம் ஒன்றுக்கு ஆறணா சிறப்புக் கட்டணம் பெறப்பட்டது. அத்தொகை எதற்குச் சென்றது தெரியுமா? அலகாபாத்திலிருந்த ஒரு மாணவர் விடுதிக்கு! வானூர்தியின் வரலாற்றிலேயே மாணவர் தங்கிப் படிப்பதற்கான நிதி கலந்திருக்கின்றது.

பல்லாவரத்தின் கதையும் அத்துடன் முடியவில்லை. அதனை அடுத்த மீனம்பாக்கத்தில் விமான நிலையம் எழுந்தது. மறுபுறம் குரோம்பேட்டையில் 1949ஆம் ஆண்டு சி. இராஜம் அவர்கள் தம் மாளிகையை விற்ற பணத்தைக் கொண்டு சென்னைத் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தை நிறுவினார். இராமேசுவரத்துப் பிள்ளையான அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்றது அங்கேதான். அக்கல்விக் கட்டணத்திற்காக அவருடைய தமக்கையார் தம் பொன் வளையல்களை அடகு வைத்தார். ஒருவர் வீட்டை விற்றார். ஒருவர் வளையலைக் கழற்றினார். அதன் பயனாக ஒரு பிள்ளை உயர்ந்தான்.

டி ஏஞ்சலிசுக்குத் தொழிலில் ஈட்டிய பொருள் இருந்தது. பட்டறையின் துணை இருந்தது. பறந்து பார்க்கத் திடல் இருந்தது. அவரிடமிருந்த ஆர்வம் நம் பிள்ளைகளிடமும் உண்டு. ஏனைய மூன்றும் இல்லை. அவற்றை ஈடு செய்வதே கல்விச் சங்கத்தின் கடமை. நூலும் கட்டணமும் பொருளுக்கு ஈடு. விடுதியும் ஆசிரியரும் பட்டறைக்கு ஈடு. திடல் என்பது, பிள்ளை கேள்வி கேட்கையில் சிரிக்காத வகுப்பறை. அந்தத் திடலை ஒரு நாள் யானே பூட்டினேன்.

அந்த மாணவன் இன்று மலைப்பாதையில் சரக்கு வண்டி ஓட்டுகின்றான். உழைத்து உண்ணும் நேர்மையான தொழில். அதில் குறையொன்றும் இல்லை. சென்ற ஆண்டு அவனைக் கண்டு, அவன் கேட்ட கேள்விக்கு உரிய விடையைக் கூறினேன். சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு, "ஐயா, இதை எம் பொண்ணுகிட்டச் சொல்லுங்க. அவதான் இப்ப மேல பாத்துக்கிட்டே நிக்கிறா" என்றான்.

அச்சிறுமி எம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் படிக்கின்றாள். அவளுக்குச் சொல்லிவிட்டேன். அவளைப் போன்ற பிள்ளைகளைப் பெற்ற அனைவருக்கும் இம்மலரின் வாயிலாகச் சொல்லுகின்றேன். பிள்ளைகள் கேட்கட்டும், நாம் விடை தேடுவோம். வெள்ளி விழாக் காணும் சங்கம் பொன்விழாக் காணுங்கால், விமானம் கட்டிய நம் பெண்ணொருத்தியின் கட்டுரை அம்மலரில் இடம்பெறுவதாக!