கூடவே இருப்பவருக்கும் பாடம் வேண்டும்!

டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார். நாடி பார்க்கிறார், நாலு வார்த்தை பேசுகிறார், போய்விடுகிறார். சரி, மீதி நேரம் பூரா நோயாளியோடு இருப்பது யார்? குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ராத்திரி எழுந்து நடந்தால் கையைப் பிடித்து அழைத்து வந்து படுக்க வைக்கிற உதவியாளர்தான். மனநல மருத்துவத்தின் சரித்திரத்தில் ரொம்ப நாள் கவனிக்கப்படாத ஆள் இவர்!

பிரிட்டனின் மனநோய் விடுதிகளில் இவர்களை முதலில் 'கீப்பர்' என்றுதான் அழைத்தார்கள். அதாவது, காவலாள்! 1885-ல் அங்குள்ள மனநல மருத்துவர்களின் சங்கம் இவர்களுக்கென்றே ஒரு சின்னக் கையேடு போட்டது. உடம்பு எப்படி இயங்குகிறது, மனசு எப்படிப் பேதலிக்கிறது, நோயாளியிடம் எப்படி நடந்துகொள்வது... எல்லாம் அதில் உண்டு. பிற்பாடு 'சிவப்புக் கையேடு' என்றே பெயர் நிலைத்தது. 1891-லிருந்து பரீட்சை, சான்றிதழ் எல்லாம் வந்தன.

முணுமுணுப்பும் கிளம்பியது. மூளையில் சாம்பல் நிறம், வெள்ளை நிறம் என்று இரண்டு பகுதி இருப்பது தெரிந்தால் அட்டெண்டர் வேலையை ஒழுங்காகச் செய்துவிடுவாரா என்று அந்தச் சங்கத்தின் பத்திரிகையிலேயே ஒருவர் கேட்டார். கிண்டல்தான். ஆனால் அதில் பாதி நியாயமும் இருந்தது.

எப்படி என்கிறீர்களா? 1906-ல் ஜெர்மனியில் அலாய்ஸ் அல்ஸைமர், இறந்துபோன ஒரு பெண்மணியின் மூளையை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்து, கண்டதை டாக்டர்கள் கூட்டத்தில் சொன்னார். 1910-ல் அந்த மறதி நோய்க்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அப்புறம் பல காலம் பேச்செல்லாம் மூளையைப் பற்றித்தான். அந்த மூளைக்குச் சொந்தக்காரரை விசாரித்தவர்கள் குறைவு!

இதைத் தட்டிக் கேட்டவர், பிரிட்டனில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் கிட்வுட். கவனித்துக்கொள்கிறவர்கள் கெட்ட எண்ணமே இல்லாமல் நோயாளியை நோகடிக்கும் 17 விதங்களை 1997-ல் ஒரு புத்தகத்தில் பட்டியல் போட்டார். குழந்தை மாதிரி நடத்துவது, ஏமாற்றிக் காரியம் சாதிப்பது, அவரால் தொடர முடியாத வேகத்தில் பேசுவது, எதிரிலேயே அவர் இருக்க, இல்லாத மாதிரி அடுத்தவரோடு பேசுவது... நோயாளி ஒடுங்கிப் போவதற்கு மூளை மட்டுமல்ல, சுற்றியிருப்பவர்களும் காரணம் என்றார்.

யோசித்துப் பாருங்கள். சாயங்காலமானால் ஒரு பாட்டி வாசலுக்கு ஓடுகிறார். "ஸ்கூல் விட்டிருக்கும், குழந்தையைக் கூட்டிட்டு வரணும்!" "உங்க குழந்தைக்கே அம்பது வயசாச்சு" என்று சொன்னால் அது நிஜம்தான். ஆனால் பாட்டி மிரண்டுபோவார். பாடம் படித்தவர், "குழந்தைக்கு என்ன டிபன் பிடிக்கும், பாட்டி?" என்று பக்கத்தில் உட்காருவார். பேசப் பேசப் பதற்றம் தணியலாம்.

விடுதி அட்டெண்டர்கள் காலப்போக்கில் மனநல நர்ஸ்களாக உயர்ந்துவிட்டார்கள். முதியோர் இல்ல உதவியாளர்களுக்கு? இங்கிலாந்தில் 2015-ல்தான், பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கென்று ஒரு பொதுவான சான்றிதழ் கொண்டுவந்தார்கள். அப்போது அதிலிருந்த 15 பாடங்களில் ஒன்பதாவதில் மனநலமும் மறதி நோயும் இடம்பெற்றன. சிவப்புக் கையேடு வந்து 130 வருஷம் கழித்து!

நாளைக்கு உங்கள் வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும்போது, சம்பளத்தை மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். பாட்டி வாசலுக்கு ஓடினால் என்ன சொல்வீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.