கலெக்டர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த கதைகள்

1792-ல் மூன்றாம் மைசூர் போர் முடிந்தபோது, கிருஷ்ணகிரி, தர்மபுரி அடங்கிய பாராமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. அதை நிர்வகிக்க கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அனுப்பியது சிவில் அதிகாரிகளை அல்ல; கேப்டன் அலெக்சாண்டர் ரீடையும், தாமஸ் மன்றோ உள்ளிட்ட மூன்று ராணுவ அதிகாரிகளையும்தான். ஏன் தெரியுமா? சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளில் நாட்டு மொழி தெரிந்தவர்கள் மிகக் குறைவு!

மொழி தெரியாத அதிகாரி துபாஷியை நம்பித்தான் ஆக வேண்டும். விவசாயி சொன்னது ஒன்று, துபாஷி சொன்னது வேறொன்று என்றாலும் கண்டுபிடிக்க வழியில்லை. அதிலும் பாராமகாலில் உருவான ரயத்துவாரி முறையில் நடுவே ஜமீன்தார் கிடையாது. அரசு ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாக வரி பேச வேண்டும். அதிகாரிக்கு ஒரு சொல் புரியாமல் போனால் அந்தச் சுமை விவசாயியின் தலையில்தான் விழும்.

இந்தக் குறையைப் போக்க, எல்லிஸ் துரையின் முயற்சியால் 1812-ல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. கப்பலில் வந்து இறங்கிய இளம் ஆங்கிலேயர்கள் அங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் படித்தார்கள். ஆனால் எந்தப் புத்தகத்தை வைத்துப் படிப்பது? தமிழில் செய்யுள் நூல்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டதோ எளிய உரைநடை.

இங்கேதான் கதைகள் கைகொடுத்தன. அக்கல்லூரியின் தமிழாசிரியர் தாண்டவராய முதலியார் எழுதிய கதாமஞ்சரியும், மராத்தியிலிருந்து அவர் மொழிபெயர்த்த பஞ்சதந்திரமும் 1826-ல் வெளிவந்தன.

இதற்கு முன்னோடி இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர். 18-ஆம் நூற்றாண்டிலேயே அவர் பரமார்த்த குருவின் கதையை எழுதி, தமிழ் படிக்கும் பாதிரியார்களுக்காக லத்தீன் மொழிபெயர்ப்பையும் சேர்த்தார். 1822-ல் சென்னை சிவில் அதிகாரி பெஞ்சமின் பாபிங்டன் அதை லண்டனில் அச்சிட்டபோது ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல், முதல் கதைக்கு இலக்கண விளக்கம் எல்லாம் இணைத்தார். நாம் சிரித்துவிட்டு மறந்துபோகும் கதை, உண்மையில் ஒரு பாடப்புத்தகம்!

குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கிறார்கள். அக்கரை சேர்ந்ததும் எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர்தான். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுகிறான்! எண்ணும் வினையும் திரும்பத் திரும்ப வருவதால் மனப்பாடம் செய்யாமலே மனதில் தங்குகின்றன. இன்னொரு நன்மையும் உண்டு. சரியான இடத்தில் மாணவன் சிரித்தால், அவனுக்குப் புரிந்துவிட்டது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். தனியாகப் பரீட்சை வேண்டாம்.

ஆள வந்தவர்களின் வசதிக்காகத் தொடங்கிய முயற்சிதான் இது. ஆனாலும் தமிழ் உரைநடைக்கு அது வலு சேர்த்தது.

இன்று அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் ஓசூர் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் ஊர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஆங்கிலமும் சேர்ந்துகொண்டது. அன்று துரைமார் தமிழ் கற்றார்கள். இன்று தொழிலாளி ஆங்கிலம் கற்கிறார். முப்பது வயதில் இலக்கணப் புத்தகத்தைப் பார்த்து மிரள்கிறவருக்கு, அதே பரமார்த்த குருவை எளிய ஆங்கிலத்தில் கொடுத்துப் பார்க்கலாம். கதை ஏற்கெனவே தெரியும். மொழி மட்டும்தான் புதிது.