ஏலம்: சேலம், நாமக்கல் வழக்கில்

ஏலம்: பலர் போட்டியிட்டு விலை கேட்க, அதிகம் கேட்டவருக்குப் பொருளை விற்கும் முறை. ஏலக்காயைக் குறிக்கும் ஏலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அரபியில் அறிவிப்பைக் குறிக்கும் சொல் போர்த்துகீசிய மொழியில் ‘லெய்லாவ்’ ஆகி, கப்பலேறி ஆசியத் துறைமுகங்களுக்கு வந்தது. மலையாளத்தில் லேலம், தெலுங்கில் வேலம், இந்தியில் நீலாம், மலாயில் லெலோங். தமிழில் லகரம் மொழிமுதல் வராது. அது உதிர்ந்து ஏலம் நின்றது. ஆசிய மொழிகளில் கலந்த போர்த்துகீசியச் சொற்களை 1913இல் தொகுத்த தல்காதோ இதையும் பதிவுசெய்துள்ளார்.

கடலே இல்லாத சேலத்தில் ஏலம் முதலில் நிலத்தின் மீதுதான் விழுந்தது. 1792இல் திப்புவிடமிருந்து இப்பகுதியைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1802 முதல் நிலங்களை மிட்டாக்கள் எனும் ஜமீன் போன்ற பகுதிகளாகப் பிரித்து ஏலத்தில் விற்றது. கம்பெனி விதித்த வரியைத் திரட்ட முடியாமல் பல மிட்டாதார்கள் நொடித்தார்கள். அந்தச் சுமை கடைசியில் உழுதவர் தலையில்தான் இறங்கியது.

விளைபொருள் ஏலம் இதற்கு நேர்மாறு. இங்கே விற்பவர் உழவர். சென்னை மாகாணத்தின் 1933ஆம் ஆண்டு வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு வழிவகுத்தது. இன்று திருச்செங்கோட்டில் மஞ்சளும் பருத்தியும், பிலிக்கல்பாளையத்தில் வெல்லமும் ஏலம் போகின்றன. மஞ்சள் ஏலத்தில் விரலி, கிழங்கு, பனங்காளி என ரகம் பிரித்து மூட்டைகளை அடுக்குவார்கள். வியாபாரி ஒரு விரலியை ஒடித்து உள்நிறம் பார்ப்பார். மறைமுக ஏலமென்றால் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார். வாய்விட்டுக் கேட்கும் ஏலத்தில் ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ என்றதும் விலை முடிந்தது. ஒரே மஞ்சளின் விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கினாலும், அது ஊரறிய நடப்பதே உழவருக்குப் பாதுகாப்பு.

புளியமரத்து மகசூல், சந்தைச் சுங்கம், திருவிழா எலுமிச்சம்பழம் என ஏலம் விடாதது குறைவு. ஏலச்சீட்டில் பணத்தையே ஏலம் கேட்கிறார்கள். அதிகம் தள்ளுபவருக்குச் சீட்டு.

சேலத்தில் 1981இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஜவ்வரிசியையும் ஸ்டார்ச்சையும் ஏலத்தில் விற்கிறது. அதன் மூலப்பொருளான மரவள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்ததாகவே கருதப்படுகிறது. ஆனால் ஆலைக்குப் போகும் கிழங்குக்கு இந்த ஏலம் கிடையாது. ஆலையில் மாவுச்சத்தை அளந்து, பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கிடுகிறார்கள். மழைக்கும் பருவத்துக்கும் ஏற்பப் பாயிண்ட் மாறும். அதை அளப்பவரும் வாங்குபவரே. நாமக்கல் உழவர்களின் நெடுநாள் மனக்குறை இது, நியாயமான குறையும்கூட.