'பிளாக்பஸ்டர்' என்றால் ஹிட் படமா? முதலில் அது ஒரு குண்டு!

படம் ரிலீஸான மறுநாளே 'பிளாக்பஸ்டர்' போஸ்டர் ஒட்டிடுறாங்க. ஆனால் இந்த வார்த்தை பிறந்தது தியேட்டரில் இல்லை, 2-ம் உலகப் போரில்.

பிரிட்டன் விமானப்படை ஜெர்மனி மீது வீசிய ராட்சத குண்டுகளுக்குப் பத்திரிகைகள் வைத்த பட்டப்பெயர் இது. பிளாக் என்றால் நாலு தெருவுக்கு நடுவே இருக்கும் மொத்தக் கட்டிடங்கள். அதையே தகர்க்கும் குண்டு என்று அர்த்தம். விமானப்படை வீரர்கள் செல்லமாகக் கூப்பிட்டது 'குக்கி' என்று!

இதில் சின்ன வகையே சுமார் 1,800 கிலோ. மெல்லிய இரும்புக் கூடு, உள்ளே பெரும்பகுதி வெடிமருந்து. வெடித்த அதிர்வில் கூரை ஓடுகளும் ஜன்னல்களும் பறக்கும். கூடவே தீக்குண்டுகள் விழும். திறந்து கிடக்கும் வீடுகள் உள்ளிருந்தே பற்றி எரியும். அந்த வீடுகளில் இருந்தது பொதுமக்கள்.

போர் முடியும் முன்பே ஹாலிவுட் விளம்பரங்கள் இந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டன. 1975-ல் வந்த 'ஜாஸ்' படத்துக்குப் பிறகு வசூல் கணக்கோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டது.

குண்டு மட்டும் இன்னும் போகலை. 2017 ஆகஸ்ட் கடைசியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் கட்டுமானப் பணிக்காகத் தோண்டியபோது வெடிக்காத பிளாக்பஸ்டர் ஒன்று கிடைத்தது. செப்டம்பர் 3-ம் தேதி அதைச் செயலிழக்க வைக்க, 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர், மருத்துவமனை நோயாளிகள் உட்பட.