தொண்ணூறு சதவீதத்துக்கு எதிரே ஒருவர்

வேலை விஷயமாகத் திரங்கானு போயிருந்தபோது கூட்டாளி ஒருவன் பூலாவ் பீடோங்குக்கு இழுத்துக்கொண்டு போனான். 1979-இல் ஏறத்தாழ நாற்பதாயிரம் வியட்நாம் அகதிகள் நெருக்கியடித்துக் கிடந்த சின்னத் தீவு அது. இவர்களையெல்லாம் யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று தேடப்போய்த்தான் ஜோ கிளார்க் என்ற பெயர் மாட்டியது.

1979 ஜூனில், நாற்பது வயது நிறைவதற்கு முந்தின நாள், கனடாவின் பிரதமரானவர். அடுத்த மாதமே அவருடைய அரசு 50,000 இந்தோசீன அகதிகளை ஏற்பதாக அறிவித்தது. பொதுமக்கள் ஓர் அகதியைப் பொறுப்பெடுத்தால் அரசு இன்னொருவரை எடுக்கும். கன்சர்வேட்டிவ் என்றாலே கதவைச் சாத்துகிறவர்கள் என்றிருந்த எனக்கு இது இடித்தது. கட்சியின் முழுப்பெயர் ‘முற்போக்குக் கன்சர்வேட்டிவ்’. இனிக்கிற உப்பு மாதிரி! 1942-இல் தலைமையேற்க வந்த ஜான் பிராக்கன் நிபந்தனை போட்டுச் சேர்க்க வைத்த சொல் அந்த ‘முற்போக்கு’.

கிளார்க்குக்கும் எண்களுக்கும் எப்போதும் ஆகாது. 1979 டிசம்பரில் 139-க்கு 133 என்று தோற்று ஆட்சி கவிழ்ந்தது. 1983-இல் கட்சிப் பிரதிநிதிகளில் 66.9 சதவீதம் பேர் அவர் பக்கம் நின்றார்கள். அது போதாதென்று தலைமைப் போட்டியை அவரே வரவழைத்து மல்ரோனியிடம் தோற்றார். (எங்கள் ஆபீசில் 66.9 கிடைத்தால் கேக் வெட்டுவோம்.)

1993-இல் கட்சி இரண்டே இடங்களுக்குச் சரிந்தது. மேற்கில் கிளம்பிய ரிஃபார்ம் கட்சி, பிறகு கனடியன் அலையன்ஸ் ஆகி, வலதுசாரி ஓட்டுகளை அள்ளியது. 1998-இல் கிளார்க் தலைவராகத் திரும்பி வந்தும் பெரிதாக ஒன்றும் நிமிரவில்லை. 2003-இல் அடுத்த தலைவரான பீட்டர் மெக்கே, அலையன்ஸோடு இணைய மாட்டேன் என்று போட்டியாளர் டேவிட் ஆர்ச்சர்டுக்கு எழுதிக் கொடுத்துத்தான் ஜெயித்தார். அக்டோபரில் ஸ்டீபன் ஹார்ப்பரோடு இணைப்பு ஒப்பந்தம்! டிசம்பரில் கட்சிப் பிரதிநிதிகளில் 90.4 சதவீதம் பேர் சரி என்றார்கள். புதுக் கட்சியின் பெயரில் ‘முற்போக்கு’ இல்லை.

கிளார்க் சேரவில்லை. அவர் பார்வையில் இது இணைப்பல்ல, விழுங்கல். 2004 தேர்தல்வரை பழைய பெயரிலேயே நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். ஹார்ப்பரைவிட லிபரல் பால் மார்ட்டினே மேல் என்றும் சொல்லிவிட்டார்.

“இதெல்லாம் ஈகோடா” என்றான் கூட்டாளி. இருக்கலாம். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். 2000-இல் இரு கட்சிகளும் தனித்தனியாக வாங்கிய 25.5-ம் 12.2-ம் சேர்ந்தால் 37.7 சதவீதம். இணைந்தபின் 2004-இல் கிடைத்தது 29.6தான். கூட்டினால் கூடும் என்ற எண்ணம் முதலில் பொய்த்தது. ஆனால் 2006-இல் 36.3 சதவீதத்தோடு ஹார்ப்பர் பிரதமரானார். ஓட்டு சிதறிக்கொண்டே இருந்தால் லிபரல்களை எப்படித் தோற்கடிப்பது என்ற கேள்விக்குக் கிளார்க்கிடம் பதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர் பக்கம் சாய்கிற எனக்கு அதுதான் உறுத்தல்.

1986-இல் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத் தமிழர்கள் மீட்கப்பட்டபோது வெளியுறவு அமைச்சர் கிளார்க். அவர்களுக்குத் தங்க அனுமதி கிடைத்தது. 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில் 492 ஈழத் தமிழர்கள் வந்தபோது ஆட்சியில் இருந்தது ஹார்ப்பரின் புதுக் கட்சி. அவர்களைத் தடுப்புக் காவலில் வைத்தார்கள். இப்படிக் கூட்டமாக வருகிறவர்களை அடைத்துவைக்க வழிசெய்யும் மசோதா அக்டோபரிலேயே வந்துவிட்டது.