பேகம்பூரும் பேறுகால மரணங்களும்

திண்டுக்கல்லில் பேகம்பூர் என்றதும் நம்மவர்க்கு நினைவில் எழுவது பெரிய பள்ளிவாசலும் தோல் ஷாப்புகளுமே. அந்தப் பெயருக்குரிய பேகம் யார் என்று கேட்போர் குறைவு. 1777-ஆம் ஆண்டில் ஹைதர் அலி திண்டுக்கல் சீமையின் நிர்வாகத்தை மீர் சாகிபிடம் ஒப்படைத்தார். அவருடைய துணைவியார் அமீருன்னிஸா பேகம் பிள்ளைப்பேற்றின்போது மவ்த்தானார் என்றும், அவர் அடங்கிய இடமே பேகம்பூர் ஆயிற்று என்றும் ஊர் வரலாறு கூறுகிறது.

அவருக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்னர், 1631-இல், புர்ஹான்பூரில் மும்தாஜ் மஹல் தம் பதினான்காவது பிள்ளையைப் பெற்றபோது உயிர்நீத்தார். ஹகீம்களுக்கோ பொருளுக்கோ பணிப்பெண்களுக்கோ இவ்விருவரும் குறைவுடையவர்கள் அல்லர். உதிரப்போக்கிற்கும் பிரசவ ஜன்னிக்கும் அன்றைய மருத்துவத்திடம் விடை இல்லை, அவ்வளவே.

விடை கிடைத்த பின்னும் பெண்கள் இறந்துகொண்டே இருந்ததுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வரலாறு. கை கழுவினாலே பிரசவக் காய்ச்சல் குறையும் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் காட்டியது 1847-இல். 1930-களில் சல்ஃபா மருந்துகள் வந்தன. பின்னர் இரத்தம் ஏற்றும் வசதியும் பரவியது. அதற்குப் பிறகு நம் சமவெளிக் கிராமங்களில் நிகழ்ந்த பேறுகால மரணங்களுக்கு உடலை மட்டும் காரணம் காட்ட முடியாது. மணம் முடித்த வயது, பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை, இரண்டு பேறுகளுக்கு இடைப்பட்ட காலம், வீட்டில் முடிவெடுக்கும் உரிமை, ஆஸ்பத்திரி இருந்த தொலைவு ஆகியவையே பல உயிர்களைத் தீர்மானித்தன.

மண வயதை முதலில் எடுத்துக்கொள்வோம். இடுப்பெலும்பு முழுமையாக வளராத சிறுமிக்குப் பிள்ளை வழியில் சிக்கிக்கொள்ளும் அபாயம் அதிகம். பெண்ணின் குறைந்தபட்ச மண வயதை 14 என வரையறுத்த 1929-ஆம் ஆண்டின் சாரதா சட்டத்தை வைதிக இந்துக்கள் எதிர்த்தனர். நம் ஆலிம்களிலும் பலர் எதிர்த்தனர். ஷரீஅத்தில் அரசு தலையிடலாகாது என்பது நம்மவர் வாதம். அந்த வாதத்தின் நியாயம் எதுவாயினும், பதினைந்து வயதில் பிரசவ வேதனைப்பட்ட பெண்ணின் குரல் அதில் ஒலிக்கவில்லை.

கோஷா முறையும் ஒரு தடையாக நின்றது. ஆண் மருத்துவர் பார்க்கக்கூடாது என்பதால் எத்தனையோ பெண்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே இல்லை. இதை உணர்ந்த மேரி ஷார்லீப் 1885-இல் சென்னையில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். மக்கள் அதைக் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே அழைத்தனர். மார்க்கப் பேணுதலும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அது கண்கூடான சான்று. ஆனால் வேடசந்தூரிலும் நத்தத்திலும் இருந்த பெண்ணுக்குச் சென்னை எட்டாக் கனி. திண்டுக்கல்லுக்கு மாட்டுவண்டியில் வந்து சேர்வதற்குள்ளேயே பொழுது விடிந்துவிடும்.

சின்னாளப்பட்டிக்கு அருகே 1947-இல் காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் சௌந்தரம் செய்த பணி இங்கேதான் பெரிதாகிறது. செல்வக் குடும்பத்தில் பிறந்து, இளவயதில் கைம்பெண்ணாகி, டில்லியில் மருத்துவம் பயின்றவர் அவர். சிறிய தாய்சேய் மருத்துவ நிலையமாகத் தொடங்கிய முயற்சி கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. பிறகு 1960-களில் ஆத்தூர் வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று குடும்ப நலத்தை எடுத்துரைக்கும் சோதனைத் திட்டம் நடைபெற்றது. அங்கே பிறப்பு விகிதம் கண்கூடாகக் குறைந்தது. மிகச் சிறு வயதிலோ முதிர்ந்த வயதிலோ பெறுதல், ஐந்தாறுக்கு மேல் பெறுதல், ஓய்வின்றி அடுத்தடுத்துப் பெறுதல் ஆகியவை குறைந்தால் மரணமும் குறையும். இரத்தசோகையோடு ஆறாவது பிள்ளையைச் சுமப்பவளால் சிறிது உதிரப்போக்கையும் தாங்க முடியாது.

குடும்ப நலம் என்றாலே நம் வீடுகளில் முகம் சுளித்த காலம் உண்டு. ஆயினும் தாய் கருவைச் சுமந்து நலிவதையும் பாலூட்டும் ஈராண்டையும் திருக்குர்ஆன் (31:14) சேர்த்தே நினைவூட்டுகிறது. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஸஹாபாக்கள் அஸ்ல் செய்ததையும் ஹதீஸ் நூல்கள் பதிந்துள்ளன. பேற்றின்போது இறக்கும் பெண் ஷஹீத் என்னும் நபிமொழியை நாம் ஜனாஸா வீட்டில் ஆறுதலாகச் சொல்கிறோம். அது இறந்தவளுக்கு அல்லாஹ் அளிக்கும் சிறப்பு. வண்டி அமர்த்தத் தாமதித்த மாமியாருக்கும், வெளியூரிலிருக்கும் கணவனின் அனுமதிக்காகக் காத்திருந்த மைத்துனருக்கும் அதுவே சமாதானமாகிவிடுவதுதான் வேதனை.

தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2004-06-இல் 111 ஆக இருந்த தாய் மரணம், 2018-20-இல் 54 ஆகக் குறைந்தது. கிராம சுகாதார செவிலியர், 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம், 108 வண்டி, முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி ஆகிய யாவும் இதில் பங்கு கொண்டவை. இறந்த ஒவ்வொரு தாயைப் பற்றியும் தனித்தனியே விசாரிக்கும் வழக்கமும் இங்கே 1990-களிலேயே தொடங்கிவிட்டது. விசாரிக்க வருவோர் மருத்துவமனைக் குறிப்புகளோடு நிறுத்திக்கொள்வதில்லை. இறந்தவளின் வீட்டுக்கும் வருகிறார்கள். அவளுக்கு என்ன வயது, இது எத்தனையாவது பேறு, முந்தைய பிள்ளைக்கு எத்தனை மாதம், வலி கண்டது எப்போது, வண்டி வந்தது எப்போது, கூட்டிப் போகலாம் என்று முடிவு செய்தவர் யார் என்று கேட்கிறார்கள்.